முற்றமும் முறையும்

கூடி வாழ்தல் நன்று என்று கூறாத நாடில்லை. தனக்கென ஓர் இடமும், தன் விருப்பின்படி ஒழுகும் உரிமையும் வேண்டும் என்று விழையாத மனிதனும் இல்லை. இவ்விரண்டும் தம்முள் முரணுவன போலத் தோன்றுகின்றன. நால்வர் ஓரிடத்தில் உறையும்போது ஒருவன் பாட விரும்புகின்றான். மற்றொருவன் உறங்க விரும்புகின்றான். இருவர் விருப்பமும் தம்மளவிற் குற்றமற்றவையே. ஆயினும் ஒரே பொழுதில் ஒரே கூரையின்கீழ் அவை இரண்டும் நிறைவேறா. அப்பொழுது, 'விட்டுக்கொடுத்தல் வேண்டும்' என்று நாம் எளிதிற் சொல்லிவிடுகின்றோம். விட்டுக்கொடுப்பவர் யார், எதனை விட்டுக்கொடுப்பது, எத்துணைக் காலம் விட்டுக்கொடுப்பது என்னும் வினாக்களை மட்டும் எழுப்பாது விடுகின்றோம். அவ்வினாக்களுக்கு விடைகாண முயல்வதே இச்சிறு கட்டுரையின் நோக்கம். இதற்கு நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. யாம் பிறந்து வளர்ந்த திருப்பூரின் வரிசை வீடுகளிற் கற்ற பாடத்தை முதலிற் கூறி, பின்னர்ப் பிறவிடத்து முயற்சிகள் சிலவற்றை அதனோடு ஒப்பிட்டு நோக்குவோம்.

திருப்பூர் நொய்யலாற்றின் கரையிலுள்ளது. முன்னர்ப் பருத்தி வாணிகத்தாலும் கதராலும் பெயர்பெற்ற அவ்வூர், பின்னலாடைத் தொழிலால் பெருநகராயிற்று. 1970-களின் பிற்பகுதியில் தொடங்கிய ஏற்றுமதி அடுத்த பத்தாண்டுகளில் விரைந்து பெருகவே, முதலில் மதுரை, தேனி, திண்டுக்கல் முதலிய பகுதிகளினின்றும், பின்னர் ஒடிசா, பீகார், சார்க்கண்டு முதலிய மாநிலங்களினின்றும் மக்கள் வேலை நாடி வந்து குழுமினர். 2008-இல் ஊர் மாநகராட்சியாயிற்று. 2009-இல் தனி மாவட்டத்தின் தலைநகராயிற்று. 2011-ஆம் ஆண்டின் கணக்கெடுப்பின்படி அம்மாவட்டத்தின் மக்கள் தொகை ஏறத்தாழ 24 இலட்சத்து 79 ஆயிரம். பின்னற்பொறிகள் வந்த விரைவில் வீடுகள் எழவில்லை. ஆதலின் வந்தவர்களுட் பெரும்பாலார் புகுந்த இடம் 'லைன் வீடு' ஆகும்.

லைன் வீட்டைக் கண்டறியாத நண்பர்களுக்காக அதன் அமைப்பைச் சிறிது விளக்குவோம். நிலத்துக்குரியார் ஒருவர் பத்து அல்லது பன்னிரண்டு சிறு வீடுகளை ஒரே வரிசையாகவோ, எதிரெதிரான இரு வரிசைகளாகவோ கட்டுகின்றார். ஒவ்வொன்றும் ஓர் அறையும் ஒரு சமையற்கட்டும் உடையது. நடுவே ஒடுங்கிய முற்றம். அதன் கோடியில் ஒரு தண்ணீர்த் தொட்டி, ஒரு குழாய், இரண்டு குளியலறை, இரண்டு கழிப்பிடம். துணி உலர்த்தும் கொடியும், குழந்தைகள் விளையாடும் இடமும், மாலையில் பெண்டிர் அமர்ந்து பேசும் இடமும் அம்முற்றமே. சென்னை முதலிய ஊர்களில் இத்தகைய வாழ்க்கையை 'ஒண்டுக் குடித்தனம்' என்பர். ஒண்டுதலாவது ஒன்றைச் சார்ந்து ஒதுங்கியிருத்தல். பிறர் சுவரைச் சார்ந்து ஒதுங்கி வாழும் குடி என்பது அச்சொல்லின் கருத்து. சொல்லிலேயே ஒரு துயரம் இருப்பதைத் தமிழ் பயில்வோர் உணர்வர்.

இங்குக் கூடி வாழ்வோர் ஒருவரையொருவர் தேர்ந்துகொண்டவர் அல்லர். வாடகையும் பனியன் கம்பெனிக்குள்ள தொலைவுமே அவர்களை ஒன்றுசேர்த்தன. ஒருவர் பவர் டேபிளில் தைப்பவர். ஒருவர் கட்டிங் மாஸ்டர். ஒருவர் செக்கிங் செய்பவர். ஒருவர் பகலில் வேலைக்குச் சென்று இரவில் உறங்குவார். மற்றொருவர் இரவெல்லாம் உழைத்து விடியலில் வந்து படுப்பார். ஒருவர் வழிபாட்டுப் பாடல் மற்றொருவர்க்குத் துயில் கெடுக்கும் ஓசை. சுவரின் கனமோ ஒரு செங்கல். தன்னுரிமையும் பொதுநலமும் என்று நூல்கள் பேசும் பொருள் இங்கே நாள்தோறும் குடத்தோடும் வாளியோடும் வாயிலில் வந்து நிற்கின்றது.

யாம் சிறுவராயிருந்தபோது எம் முற்றத்தில் நிகழ்ந்த ஒன்றை ஈண்டுக் கூறுவோம். ஆழ்துளைக் கிணற்றின் உப்புத் தண்ணீர் எந்நேரமும் கிடைக்கும். குடிப்பதற்குரிய நல்ல தண்ணீரோ சில நாள்களுக்கு ஒருமுறைதான் குழாயில் வரும். வரும் நேரமும் உறுதியன்று. பன்னிரண்டு வீட்டுக்கும் ஒரே குழாய். முந்தி வந்தவர் முந்திப் பிடிப்பது என்பதே அந்நாள் வரையில் வழக்கம். பார்வைக்கு அது நடுநிலையான வழக்கமே. உண்மையில் வீட்டில் ஆள் உள்ளவர்க்கே அது துணைபுரிந்தது. ஒன்றரை ஷிப்டு முடித்துத் திரும்புவோர் வருவதற்குள் குழாய் நின்றுவிடும். ஒடிசாவினின்றும் புதிதாக வந்த குடும்பம் ஒன்று ஒன்பதாம் வீட்டில் இருந்தது. அவர்களுக்குத் தமிழ் தெரியாது. அவர்கள் முன்னே வந்து நின்றாலும், பின்னே போகுமாறு பிறர் கையால் காட்டுவர், அவர்களும் போவர். 'அவர்கள் விட்டுக்கொடுத்துப் போகிறவர்கள். நல்லவர்கள்' என்று எம் வீட்டிலும் பேசிக்கொண்டோம். அப்பேச்சை இன்று நினைக்கும்போது நாணுகின்றோம்.

ஒரு கோடையில் தண்ணீர் வருவது மேலும் அரிதாயிற்று. குழாயடியில் சொல் தடித்துக் குடங்கள் உருண்டன. இரண்டு நாள் ஒருவரோடொருவர் பேசவில்லை. வீட்டுக்காரரிடம் சென்று முறையிட்டபோது, 'ஒத்துப் போகாவிட்டால் வீட்டைக் காலி செய்யுங்கள்' என்பதே விடையாகக் கிடைத்தது. மூன்றாம் நாள் மாலையில், பனியன் கம்பெனியிற் கைமடி வேலை செய்துவந்த ஒரு முதியவர், அடுப்புக்கரித் துண்டொன்றை எடுத்துக் குழாய்க்கு மேலுள்ள சுவரில் 1 முதல் 12 வரை எழுதினார். முற்றத்துக் குழந்தைகள் யாவரும் அவரை 'அம்மிச்சி' என்றே அழைப்போம். ஒருநாள் முதல் வீட்டில் தொடங்கினால், அடுத்த தண்ணீருக்கு இரண்டாம் வீட்டில் தொடங்கவேண்டும். முதற் சுற்றில் வீட்டுக்கு ஐந்து குடம். எஞ்சியது இரண்டாம் சுற்றுக்கு. வேலைக்குச் சென்றவர் குடத்தை அடுத்த வீட்டார் நிரப்பி வாயிலில் மூடி வைத்தல் வேண்டும். இவ்வளவே அவர் வகுத்த சட்டம். எல்லோரும் உடன்பட்டனர்.

ஆனால் சட்டத்துக்குச் சோதனை ஒன்பதாம் எண் வந்த நாளில்தான் நேர்ந்தது. அன்று ஒடிசாக் குடும்பமே முதலிற் பிடித்தல் வேண்டும். ஒருவர், 'அவங்க ரெண்டே பேருதானுங்க. பொறகு புடிச்சா என்ன?' என்றார். அம்மிச்சி அவரை நோக்கி, 'ஏனுங்க, நான் ஒம்பதுன்னு எழுதறப்ப எல்லாருந்தானுங்களே பாத்துக்கிட்டு நின்னோம்?' என்று மட்டும் கேட்டார். மறுமொழி இல்லை. அப்பெண்மணி முதற் குடத்தை வைத்தார். அவர் கை நடுங்கியதை யாம் கண்டோம்.

நிற்க. இந்நிகழ்ச்சியில் எமக்கு விளங்கிய பொருள் 'முறை' என்னும் ஒரு சொல்லுள் அடங்கும். இச்சொல் தமிழிற் பல பொருள் தருவது. வரிசையாக வந்து சேரும் வாய்ப்பு என்பது ஒன்று. 'இன்று யார் முறை?' என்கின்றோம். நீதி என்பது மற்றொன்று. அரசன் முறை செய்தான் என்பதும், குறையுடையார் முறையிட்டார் என்பதும், நீதி வழங்கும் இடம் முறைமன்றம் என்பதும் அப்பொருள் பற்றியன. உறவு என்பது பிறிதொன்று; மாமன் முறை, அண்ணன் முறை என்பது நம் நாள்வழக்கு. வாய்ப்பும் நீதியும் உறவும் ஒரே சொல்லால் வழங்குதல் எம்மை வியக்கச் செய்கின்றது. இதன் சொல்வரலாற்றை ஈண்டு ஆராய்கின்றிலேம். எனினும் எம் முற்றத்தில் இம்மூன்றும் இவ்வரிசையிலேயே வந்தன. முதலில் வாய்ப்பு எல்லார்க்கும் மாறிமாறி வந்தது. அதனால் நீதி உண்டாயிற்று. நீதி நிலைத்த பின்னரே உறவு தோன்றிற்று. உறவை முதலில் வற்புறுத்தி, 'நாமெல்லாரும் ஒரு குடும்பம் அல்லவா, பொறுத்துப் போங்கள்' என்று கூறியவரை அம்முறை பிறக்கவில்லை.

கொங்கு நாட்டு உழவர்க்கு இக்கருத்துப் புதிதன்று. பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டத்தில், திருமூர்த்தி அணையினின்றும் நீர் பெறும் நிலங்கள் 4 மண்டலங்களாகப் பகுக்கப்பட்டு, மண்டலத்துக்கு மண்டலம் முறைவைத்துத் தண்ணீர் விடப்படுகின்றது. ஒரு மண்டலத்தார் நீர் பெறும் காலத்தில் ஏனையோர் காத்திருக்கின்றனர். காத்திருப்பவர் தம் உரிமையை இழந்தவரல்லர். தம் முறை வரும் என்னும் உறுதி அவர்க்கு உண்டு. அவ்வுறுதி இன்றி ஒருவரே என்றும் காத்திருப்பாராயின், அதனை விட்டுக்கொடுத்தல் என்று அழைப்பது பொருந்தாது. அது பறிகொடுத்தலே யாகும். ஆகவே கூடி வாழ்தற்குரிய முதற் பாடம் இது: விட்டுக்கொடுத்தலும் முறைவைத்து நிகழ்தல் வேண்டும்.

இரண்டாவது பாடத்தை டென்மார்க்கு நாட்டினின்றும் பெறலாம். அங்கே 1960-களில் சில குடும்பத்தார், தனித்தனி வீடுகளில் அயலார் முகம் அறியாது வாழ்வதனால் உண்டாகும் தனிமையை வெறுத்து, கூட்டுக் குடியிருப்பு ஒன்றை அமைக்க எண்ணினர். யான் குட்மன் ஹோயர் என்னும் கட்டடக்கலைஞர் இம்முயற்சியில் முன்னின்றார். போடில் க்ரே என்னும் அம்மையார், ஒவ்வொரு குழந்தைக்கும் நூறு பெற்றோர் இருத்தல் வேண்டும் என்னும் கருத்துடைய கட்டுரையொன்றை 1967-இல் செய்தித்தாளில் எழுதினார். பல தடைகளுக்குப் பின்னர் 1972-இல் சேட்டடாமன் என்னும் குடியிருப்பு 27 வீடுகளுடன் எழுந்தது. பின்னர் இம்முறை பிற நாடுகளிலும் பரவியது. காதரின் மக்கமண்ட், சார்லசு துரெட்டு என்னும் அமெரிக்கக் கட்டடக்கலைஞர் இருவர் 1988-இல் வெளியிட்ட நூலால் 'கோஹவுசிங்' என்னும் பெயர் வழக்கில் வந்தது.

இக்குடியிருப்புகளின் அமைப்பில் நாம் நோக்கற்பாலது ஒன்றுண்டு. ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனிச் சமையலறையும் தனிக் கதவும் உடைய முழு வீடு இருக்கின்றது. அதற்கு மேலாகப் பொதுச் சமையற்கூடமும் உணவுக்கூடமும் உடைய பொதுவீடு ஒன்று உளது. வாரத்திற் சில மாலைகளில் அங்கே கூடி உண்பர். சமைக்கும் பணியை முறைவைத்துச் செய்வர். ஒருநாள் பலர்க்குச் சமைத்தவர் பலநாள் அடுப்படியினின்றும் விடுதலை பெறுகின்றார். வர விரும்பாதவர் தம் வீட்டிலேயே உண்ணலாம். பொதுச் செயல்களை உறைவோர் தாமே கூடிப் பேசி முடிவுசெய்கின்றனர். திருப்பூர் லைன் வீட்டில் முற்றம் பொதுவாயிருப்பது இடமின்மையால். அங்கே பொதுவீடு இருப்பது விருப்பத்தால். கதவைச் சாத்திக்கொள்ளும் உரிமை உடையவனே மனமுவந்து அதனைத் திறக்கின்றான். பொதுவாக்க வேண்டியவற்றைச் சிலவாகவும் தெளிவாகவும் வரையறுத்து, ஏனையவற்றை அவரவர் விருப்பத்துக்கு விட்டுவிடுதல் வேண்டும் என்பதே இரண்டாவது பாடம். அம்மிச்சியின் சட்டமும் குடத்தைப் பற்றியதேயன்றி, யார் வீட்டில் என்ன சமைப்பது, யார் எவ்வாறு வழிபடுவது என்பன பற்றியதன்று.

இதற்கு நேர்மாறான வாழ்க்கை ஒன்றும் நம் மேற்கு மாவட்டங்களில் உண்டு. நூற்பாலைகள் சிலவற்றில், ஏழைக் குடும்பத்து இளம்பெண்களை ஏறத்தாழ மூன்றாண்டுக் காலத்துக்கு வேலையில் அமர்த்தி, ஆலை வளாகத்து விடுதியிலேயே தங்கச் செய்து, முடிவில் திருமணச் செலவுக்கென ஒரு தொகை தரும் வழக்கம் இருந்தது. 'சுமங்கலித் திட்டம்' என்று பெயர்பெற்ற அது பலராலும் கண்டிக்கப்பட்டது. வெளியே செல்லுதல், உறவினரொடு பேசுதல் ஆகியவற்றிலும் அப்பெண்கள் தடுக்கப்பட்டனர் என்பது பெருங்குறையாகச் சொல்லப்பட்டது. மகளிர், குழந்தைகள் தங்கும் விடுதிகளை ஒழுங்குபடுத்தத் தமிழ்நாட்டில் 2014-இல் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. அத்தகைய விடுதியிலும் மணியடித்து எழுதலும், வரிசையில் உண்ணலும், முறைவைத்துத் துவைத்தலும் உண்டு. ஒழுங்கு குறைவில்லை. அவ்வொழுங்கை வகுத்தவர் அதன்கீழ் வாழ்பவரல்லர் என்பதே குறை. தான் ஒருசொல்லும் கூறுதற்கில்லாத விதிக்கு அடங்குதல் கூடிவாழ்தல் ஆகாது. விதி செய்யும் அவையில் விதிக்கு உட்படுவார்க்கு இடம் வேண்டும் என்பது மூன்றாவது பாடம்.

வாடகை வீட்டுக்கும் இது பொருந்தும். 2017-இல் இயற்றப்பட்டு 2019-இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டுச் சட்டமொன்று, வாடகை உடன்படிக்கை எழுத்தில் அமைதல் வேண்டும் என்றும், தண்ணீர் மின்சாரம் முதலிய இன்றியமையாத வசதிகளை வீட்டுக்குரியார் தடுத்தலாகாது என்றும் கூறுகின்றது. இது நன்றே. எனினும் வீட்டுக்குரியார்க்கும் குடியிருப்பார்க்கும் இடையேயுள்ள வழக்கைத்தான் சட்டம் தீர்க்கும். குடியிருப்பார் தமக்குள் வகுத்துக்கொள்ள வேண்டிய முறையை அவர்களே கரித்துண்டால் எழுதிக்கொள்ளுதல் வேண்டும்.

நான்காவதாக ஓர் எல்லையையும் கூறுதல் வேண்டும். எல்லாவற்றையும் பேசி ஒத்துக்கொள்ளலாம் என்று எண்ணுதல் தவறு. காந்தியடிகள் 1915-இல் அகமதாபாத்தை அடுத்த கோச்ரப்பில் ஆசிரமம் நிறுவிய சில திங்களில், தீண்டாதார் என்று ஒதுக்கப்பட்ட வகுப்பைச் சேர்ந்த தூதாபாய் என்பவர் தம் மனைவி, மகளுடன் அங்கே சேர விரும்பினார். அடிகள் ஏற்றுக்கொண்டார். கிணற்றில் நீரிறைப்பவன் தடுத்து வைதான். பொருளுதவி செய்துவந்தோர் கைவிட்டனர். ஆசிரமத்துள்ளேயும் மனக்கசப்பு உண்டாயிற்று. அக்குடும்பத்தாரை வேறிடத்தில் நீர் எடுத்துக்கொள்ளச் சொல்லியிருந்தால் அமைதி உடனே திரும்பியிருக்கும். அடிகள் அதற்கு உடன்படவில்லை. வசையைப் பொறுத்துக்கொண்டு அக்கிணற்றிலேயே நீர் எடுக்குமாறு கூறினார். நாளடைவில் நீரிறைப்பவன் நாணி வைதலை நிறுத்தினான். ஒருவருடைய மானத்தை விலையாகக் கொடுத்து வாங்கும் அமைதி பலர்க்கு வசதியாகலாம், முறையாகாது. வீடு கேட்டு வருவோரிடம் சாதியையும் ஊரையும் வினாவிக் கதவடைக்கும் வழக்கம் நம் நகரங்களில் இன்னும் மறையவில்லை. ஆதலின் இவ்வெல்லையை மறத்தலாகாது.

இங்ஙனம் விதியும் எண்ணும் வகுத்துக்கொண்டு வாழ்வது அன்பில்லாத வாழ்க்கையன்றோ, உள்ளன்பு இருப்பின் முறை எதற்கு என்று சிலர் வினவலாம். திருமறையின் அப்போஸ்தலர் நடபடிகளில் இதற்கு விடை உளது. உடைமை அனைத்தையும் பொதுவாகக் கொண்டு வாழ்ந்த ஆதித் திருச்சபையிலேயே, அன்றாடப் பங்கீட்டில் தங்கள் கைம்பெண்டிர் கவனிக்கப்படவில்லை என்று கிரேக்க மொழி பேசுவோர் முறையிட்டனர். அவர்களைப் பொறுத்துக்கொள்ளுமாறு அப்போஸ்தலர் கூறவில்லை. எழுவரைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பைச் சபையாரிடமே விட்டனர். தேர்ந்தெடுக்கப்பட்ட எழுவர் பெயரும் கிரேக்கப் பெயர்களே. குறை சொன்னவர் பக்கத்தாரிடமே பங்கிடும் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது போலும். அன்பு மிகுந்த அச்சபைக்கே முறை வேண்டியதாயிற்று எனின், நமக்கு அது வேண்டா என்பது பொருந்துமோ? அன்பு முறைக்குப் பகையன்று. அன்பு தளரும் நாளில் அதனைத் தாங்கி நிற்பதே முறை.

மாணவ நண்பர்களே! நம்முட் பலர் கல்லூரி விடுதியில் வாழ்கின்றோம். ஓர் அறையில் மூவர் இருப்பின், விளக்கணைக்கும் நேரத்துக்கும், சன்னலருகிலுள்ள கட்டிலுக்கும், அறை பெருக்கும் பணிக்கும் யார் விட்டுக்கொடுக்கின்றார் என்று ஒரு திங்கள் எண்ணிப் பார்ப்போமாக. ஒருவர் பெயரே மீண்டும் மீண்டும் வருமாயின், அவர் நற்குணமுடையவர் என்று புகழ்ந்து அமைந்துவிடாது, நம் முறை எங்கே போயிற்று என்று நம்மையே கேட்டுக்கொள்வோமாக. தன்னுரிமை என்பது தன் கதவைச் சாத்திக்கொள்ளும் உரிமை மட்டுமன்று. தன் முறை வந்தபோது முன்னே சென்று நிற்கும் உரிமையுமாம். ஒற்றுமை என்பது பிறர் முறையில் அமைதியாகக் காத்திருக்கும் ஆற்றலாம்.

எம் குடும்பம் அவ்வரிசை வீட்டை விட்டு வந்து சில ஆண்டுகளாயின. நாங்கள் புறப்பட்ட நாளிலும் சுவரில் அக்கரி எண்கள் இருந்தன. மங்கும்போதெல்லாம் யாரேனும் ஒருவர் மேலெழுதி வந்தனர். ஒன்பதாம் வீட்டுப் பெண்மணி அதற்குள் ஓரளவு தமிழ் பேசக் கற்றிருந்தார். அவர் முதன்முதலிற் கற்ற தமிழ்ச் சொல் 'தண்ணீர்' என்று யாம் எண்ணியிருந்தோம். கேட்டபோது சிரித்துக்கொண்டே, 'முறை' என்றார்.